சிறகு பிரியும் ரயில்

அம்மா தஞ்சாவூரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறாள். வந்த இரண்டாம் நாளே பட்டியல் தயார்: பாரிஸ், பெர்லின், வியன்னா, "அப்புறம் அந்த ஹம் காமாட்சி கோவில்". ஒவ்வொரு ஊருக்கும் கூடவே ஒரு கேள்வி: "ரயிலா, ஏரோப்ளேனா?"

பதினோரு வருடமாகக் கொலோனில் இருக்கிறேன். இதற்கு இன்னும் ஒரே பதிலாகச் சொல்லத் தெரியவில்லை. பழைய நோட்டில் அங்கங்கே கிறுக்கியிருந்ததோடு இந்த மாதம் எழுதியதையும் சேர்த்து வைக்கிறேன்.

*

பெர்லின் கணக்கு.

விமானம் என்றால் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு அரை மணி. ஒன்றரை மணி முன்னால் போய் நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி பத்து நிமிடம். இறங்கி, நடந்து, இன்னும் நடந்து வெளியே வர அரை மணி. அங்கிருந்து ஊருக்குள் போக நாற்பது நிமிடம். ஆக நாலு மணி இருபது நிமிடம்.

ரயில் என்றால் டிராமில் பன்னிரண்டு நிமிடம், பிளாட்ஃபாரத்தில் பத்து, வண்டியில் நாலரை மணி. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.

விமானத்தில் அரை மணி மிச்சம். ஆனால் அந்த நாலேகால் மணியும் கர்ச்சீஃப் கர்ச்சீஃபாகக் கிழிந்து கிடக்கிறது. பெல்ட்டைக் கழற்று, லேப்டாப்பை எடு, வரிசையில் நில், உட்கார், எழுந்திரு. ரயிலில் கிடைப்பது நாலு முழம் ஒரே துண்டாக. சட்டை தைக்கலாம், போர்த்திக்கொண்டு தூங்கவும் செய்யலாம். நான் பெரும்பாலும் தூங்குகிறேன்.

*

மேலே எழுதியது ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தால்தான்.

2024-ல் ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. 'நேரத்துக்கு' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு ஆறு நிமிடம். ஐந்து நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி பிந்தினால் அது தாமதமே இல்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரத்தான ரயில் இந்தக் கணக்கிலேயே வராது. வராத மாப்பிள்ளை முகூர்த்தத்துக்குத் தாமதமானவர் ஆக மாட்டார் என்பது மாதிரி.

அறிவிப்பில் காரணமும் சொல்வார்கள். அதிகம் கேட்பது 'இயக்க ஒழுங்கில் ஏற்பட்ட தாமதம் காரணமாக'. தாமதத்துக்குக் காரணம் தாமதம். முதல் வருடம் கோபம் வந்தது. இப்போது அதை மரியாதையாகச் சொல்லும் குரல்மேல் ஒருவிதப் பிரியமே வந்துவிட்டது.

ரயிலைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெர்லினின் புது விமான நிலையம் 2011-ல் திறக்க வேண்டியது. திறந்தது 2020 அக்டோபர் 31-ல். அங்கே விமான நிலையமே ஒன்பது வருடம் லேட்.

*

பெட்டி வரிசை தலைகீழ். கடைசி நிமிடத்தில் வரும் அறிவிப்பு. 21-ஆம் பெட்டி ஏ பகுதியில் நிற்கும் என்று அங்கே போய் நின்றவர்களும், 28-ஆம் பெட்டிக்காக எஃப் பகுதியில் நின்றவர்களும் ஒருவரையொருவர் தாண்டி எதிரெதிராக ஓடுவார்கள். அம்மா அசையவே இல்லை. "எந்தப் பொட்டியில ஏறினாலும் உள்ளயே நடந்து போய்க்கலாம்ல?" போகலாம். ஒரு ரயிலாக இருந்தால்.

*

இரண்டு ரயில்களாகவும் இருக்கும். பெர்லினுக்கும் கொலோனுக்கும் நடுவே ஓடும் ஐ.சி.இ. அதிவேக ரயில் பல நேரங்களில் இரண்டு ரயில்கள் மூக்கோடு மூக்கு ஒட்டியது. பெர்லினிலிருந்து வரும்போது ஹம் ஸ்டேஷனில் அது பிரியும். ஒரு பாதி வூப்பர்டால் வழியாகக் கொலோன் வரும். மறு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக ட்யூசல்டார்ஃபுக்குப் போகும். நடுவில் கதவு கிடையாது. தப்பான பாதியில் தூங்கிவிட்டால் விழிப்பது வேறு ஊரில்.

இதற்கு ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் சொல் 'ஃப்ளூகெல்ன்'. ஃப்ளூகெல் என்றால் சிறகு. சிறகு பிரிப்பது. பறப்பதோடு போட்டி போடும் வண்டிக்கு வைத்த பெயரைப் பாருங்கள்.

*

அந்த ஹம்தான் காமாட்சியம்மன் இருக்கும் ஊர். ஸ்டேஷனிலிருந்து தள்ளி, ஊன்ட்ரோப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம். 2002-ல் கும்பாபிஷேகம். ஈழத்திலிருந்து வந்தவர்கள் கட்டியது. தேருக்குப் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். சுவிஸ், பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் என்று எங்கிருந்தெல்லாமோ.

இத்தனை நாட்டிலிருந்து வருகிறார்களே, ரயிலிலா விமானத்திலா என்று பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சூரிச் அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் இல்லைப் பிள்ளை. வான்ல வந்தனாங்கள். ஆறு பேருக்கு ரெயின் ரிக்கற் எடுத்தா அம்பாளுக்குக் குடுக்கிற காசு போயிடும்."

ரயிலா விமானமா என்று கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாம் தனியாளாகவோ ஜோடியாகவோ போகிறவர்கள். ஆறு பேர், இரண்டு குக்கர், ஒரு கைக்குழந்தை என்றால் கேள்வியே வேறு.

*

பாரிஸுக்கு ரயில். இதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. மூன்றேகால், மூன்றரை மணியில் கொலோன் கதீட்ரல் நிழலில் ஏறி பாரிஸின் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கலாம்.

ஆகன் தாண்டியதும் அம்மா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். பார்டர் பார்க்க வேண்டுமாம். மரங்கள், மாடுகள், ஒரு சுரங்கப் பாதை, மறுபடி மாடுகள். கைப்பேசியில் பெல்ஜியத்துக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வந்தது.

"என்னடி, போயிடுச்சா? ஒரு போர்டுகூட இல்ல?"

"அவ்வளவுதாம்மா."

"இதுக்காகவா விசா வாங்க சென்னைக்கு ரெண்டு தடவை அலைஞ்சேன்?"

திரும்பி வரும்போது கதை வேறு. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. போலீஸ்காரர் இருவர் ஏறினார்கள். பெட்டி முழுக்க இருந்தவர்களில் அம்மாவிடமும் இன்னும் மூன்று பேரிடமும் மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள். யார் அந்த மூன்று பேர் என்று எழுத வேண்டியதில்லை. அம்மாவுக்கு மட்டும் திருப்தி, பார்டர் வந்துவிட்டதே.

*

கண்ணுக்குத் தெரியாத எல்லை ரயிலுக்குத் தெரியும். ஜெர்மனியில் கம்பியில் ஓடுவது 15,000 வோல்ட், நம் வீட்டு மின்சாரத்தைவிட மெதுவாகத் துடிக்கும் ஒரு தனி வகை. பெல்ஜியத்தின் பழைய பாதைகளில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம். பிரெஞ்சு அதிவேகப் பாதையில் 25,000 வோல்ட். கொலோனிலிருந்து பாரிஸ் போகும் வண்டி இந்த மூன்றையும் தின்று செரிக்க வேண்டும். சிக்னல் முறையும் நாட்டுக்கு நாடு வேறு. 20-ஆம் நூற்றாண்டில் அவரவர் தம் வீட்டுக்குப் போட்ட வயரிங்.

விமானத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. லிஸ்பனில் நிரப்பிய எரிபொருள் வார்சாவிலும் எரியும்.

எனக்கென்று ஒரு விதி உண்டென்றால் இதுதான்: கிலோமீட்டரை எண்ணாதே, எல்லையை எண்ணு. பூஜ்யம் என்றால் ரயில். ஒன்று என்றாலும் ரயில், அநேகமாக. இரண்டு என்றால் டிக்கெட்டை உற்றுப் பார்.

(பாரிஸ் இரண்டு எல்லை. ஆனால் ஒரே வண்டி, ஒரே டிக்கெட். விதி எழுதினால் அடைப்புக்குறியும் போடத்தான் வேண்டியிருக்கிறது.)

*

பூஜ்யம் எல்லை, சில உதாரணம். மாட்ரிட்–பார்சலோனா, 621 கிலோமீட்டர், இரண்டரை மணி. 2008-ல் அந்தப் பாதை திறப்பதற்கு முன், அது உலகிலேயே நெரிசலான வான்வழிகளில் ஒன்று. இப்போது மூன்று கம்பெனிகள் அதே தண்டவாளத்தில் ஓட்டி ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்கிறார்கள். டிக்கெட் விலை இறங்கிவிட்டது. மிலான்–ரோம் மூன்று மணி. அங்கேயும் 2012 முதல் இரண்டு கம்பெனிப் போட்டி. பாரிஸ்–மார்செய், 2001 முதல் மூன்று மணியும் கொஞ்சமும்.

இவற்றில் யாரும் பூமியைக் காப்பாற்ற ரயில் ஏறவில்லை. வசதியாக இருந்தது, ஏறினார்கள்.

*

பிரான்ஸில் போட்ட தடைச் சட்டம் பற்றி ஊரெல்லாம் பேச்சு. இரண்டரை மணிக்குள் ரயிலில் போக முடிந்தால் உள்நாட்டு விமானம் கூடாது. 2021-ல் சட்டம், 2023 மே மாதம் அமல். கிட்டே போய்ப் பார்த்தால் தடைக்குள் வந்தது மூன்றே மூன்று வழிகள்: பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ. அந்த மூன்றையும் ஏர் பிரான்ஸ் 2020-லேயே விட்டுவிட்டது, கொரோனாக் கால அரசு உதவிக்கு விதித்த நிபந்தனையால். சார்ல் த கோலிலிருந்து லியோனுக்கு இணைப்பு விமானம் இன்னும் பறக்கிறது. செத்த பாம்பை அடித்ததற்குக் கிடைத்த கைதட்டல்.

*

லா ஷப்பேல். கார் து நோரிலிருந்து பத்து நிமிட நடை. லண்டன் ரயிலிலோ கொலோன் ரயிலிலோ இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டே போனால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தொடங்கிவிடும். எந்த விமான நிலையத்துக்கு வெளியே இப்படி ஒரு தெரு இருக்கிறது?

அங்கே ஒரு கடையில் கொத்து ரொட்டியும் சம்பலும் கட்டச் சொன்னேன். அண்ணா கேட்டார்: "ரெயினோ, பிளேனோ?"

"ரெயின்தான் அண்ணா."

"அப்ப குழம்பும் தாறன். பிளேனெண்டா பறிச்சுப்போடுவாங்கள்."

2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட திரவ வெடிகுண்டுச் சதிக்குப் பிறகு வந்தது அந்த 100 மில்லி கட்டுப்பாடு. பாதுகாப்பு மேஜையில் சாம்பார் திரவம், தயிர் திரவம், புளிக்காய்ச்சல் விவாதத்துக்குரியது. சில விமான நிலையங்களில் புது ஸ்கேனர் வந்து இப்போது தளர்ந்திருக்கிறது. எங்கே தளர்ந்தது, எங்கே இல்லை என்று நினைவு வைப்பது அதைவிடக் கஷ்டம். ரயிலில் ஊறுகாய் ஜாடியையே மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அம்மாவின் கணக்கில் இது ஒன்றே போதும்.

*

பாரிஸைத் தாண்டிப் போவதுதான் சிக்கல். மார்செய் ரயில் கார் து நோரில் இல்லை, கார் த லியோனில். வடக்குக் கம்பெனி வடக்கே ஒரு ஸ்டேஷன், லியோன் கம்பெனி தென்கிழக்கே ஒரு ஸ்டேஷன் என்று கட்டிவிட்டுப் போனார்கள். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு ஓடுகிற அதே கதை. நிலத்தடி ரயிலில் இரண்டாவது நிறுத்தம்தான். ஆனால் அந்த இரண்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்காதவர்கள் வருந்துவார்கள். நான் வருந்தியிருக்கிறேன்.

*

அந்த வருத்தம்.

மூன்று வருடம் முன்பு, தனியாக. ஒரு நாட்டின் கம்பெனியில் முதல் டிக்கெட், இன்னொரு நாட்டின் கம்பெனியில் இரண்டாவது. இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கலாமா என்று மாலை முழுக்கத் தேடினேன்; கிடைக்கவில்லை. நடுவே ஐம்பது நிமிடம் இடைவெளி. முதல் ரயில் எழுபது நிமிடம் லேட்.

இரண்டாவது கம்பெனியின் கவுண்டரில் இருந்த பெண் என் டிக்கெட்டைப் பார்த்தாள். மிக அன்பாகத்தான் சொன்னாள்: "எங்கள் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியதே." உண்மைதான். முதல் கம்பெனிக்காரர்களிடம் எழுதினேன். அவர்களும் அன்பானவர்கள். சட்டப்படி அறுபது நிமிடத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கு. கொடுத்துவிட்டார்கள், அவர்களுடைய டிக்கெட்டின் கால் பங்கை. தவறிய ரயிலுக்குப் பதிலாக அன்றைய விலைக்கு நான் வாங்கிய புது டிக்கெட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது.

இதுவே விமானமாக, ஒரே முன்பதிவில் இரண்டு பறத்தலாக இருந்திருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் பாடு. மூன்று மணிக்கு மேல் பிந்தினால், காரணம் அவர்கள் கையில் இருந்திருந்தால், 1,500 கிலோமீட்டருக்குள் 250 யூரோ. இருபது யூரோ டிக்கெட்டுக்கும் அதேதான்.

பாஸ்போர்ட் கேட்காமல் மனிதரை விட்டுவிட்ட எல்லை, டிக்கெட்டில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது.

*

சுவிஸ்காரர்கள் இதை ஒளிக்கவும் இல்லை. ஜெர்மனியிலிருந்து வரும் ரயில் மிகவும் பிந்தினால் பாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இறங்கி எதிர்ப்பக்கம் நிற்கும் சுவிஸ் ரயிலில் ஏறிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுத் தாமதம் தங்கள் கால அட்டவணைக்குள் ஒழுகக் கூடாது. அவர்களுக்கு மூன்று நிமிடமே தாமதம்; அந்த அளவிலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நேரத்துக்கு ஓட்டுகிறார்கள். கோபம் வரும்போதும் மரியாதையாக இருக்கிறது.

*

விலை. விமானம் 29 யூரோ, ரயில் 119 யூரோ என்று திரையில் பார்த்த அன்று நோட்டில் கெட்ட வார்த்தை எழுதியிருக்கிறேன்.

காரணம் பழையது. 1944-ன் சிகாகோ ஒப்பந்தம், வந்திறங்கும் விமானத்தின் டேங்கில் இருக்கும் எரிபொருளுக்கு வரி போடக் கூடாது என்றது. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் எரிபொருள் வரிக்கு விதி எழுதியபோது விமான எரிபொருளுக்கு விலக்குக் கொடுத்தது. ரயில் தண்டவாளத்துக்கு வாடகை கட்டுகிறது. பல நாடுகளில் மின்சாரத்துக்கு வரியும் கட்டுகிறது. ஆகாயத்துக்குத் தண்டவாளம் போட வேண்டாம், பழுது பார்க்கவும் வேண்டாம்.

இருந்தாலும் அந்த 29 யூரோ என்பது முழு உண்மை இல்லை. பெட்டிக்குத் தனி, இருக்கைக்குத் தனி. 'பாரிஸ்' என்று எழுதியிருக்கும். இறங்கினால் போவே, பாரிஸிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். 'ஃப்ராங்க்ஃபர்ட் ஹான்' அதைவிட மோசம், ஊருக்கு நூற்றிருபது கிலோமீட்டர். விழுப்புரத்தில் இறக்கிவிட்டு 'சென்னை தெற்கு' என்பது போல.

*

லிஸ்பன். மாட்ரிட்டில் வேலை முடித்துச் சிநேகிதி வீட்டுக்குப் போனேன். பக்கத்துப் பக்கத்து நாடுகள், இரண்டும் தலைநகரங்கள், நேர் ரயில் இல்லை. இருந்த இரவு ரயில் 2020 மார்ச்சில் நின்றது, திரும்பவே இல்லை. பகலில் போக வேண்டுமென்றால் எல்லையோர ஊர்களில் மாறி மாறி நாள் போய்விடும். பறந்தால் ஒன்றேகால் மணி.

பறந்தேன். விமானம் ஏற வெட்கப்படுவதற்கென்றே ஸ்வீடன்காரர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அன்று எனக்கு அது வரவில்லை.

*

வியன்னா, இரவு ரயில். 2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் படுக்கை ரயில்கள் வேண்டாம் என்று கைகழுவியபோது ஆஸ்திரியர்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். 'நைட்ஜெட்' என்று பெயர். ரயிலுக்கு ஜெட் என்று பெயர் வைத்தால்தான் போணியாகிறது போலும்.

ஆறு படுக்கை கொண்ட அறை. அம்மாவுக்குக் கீழ் பெர்த். பார்த்ததும் முகம் மலர்ந்தது: "அட, நம்ம மூணு அடுக்கு." தலையணை, கம்பளி, கதவுக்கு உள்தாழ்ப்பாள். இரவெல்லாம் யாரும் டீ விற்கவில்லை என்பது மட்டும் குறை. காலையில் உதவியாளர் காபியும் இரண்டு ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் கொண்டுவந்தார். ஓட்டல் வாடகை மிச்சம் என்று அம்மா கணக்குப் போட்டாள். எனக்கு முதுகுவலி மிச்சம்.

பாரிஸிலிருந்து வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் இதே ஆஸ்திரியர்கள் ஓட்டினார்கள். பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்த, 2025 டிசம்பரோடு இரண்டும் போயின. தொடங்கியபோது மந்திரிகள் வந்து கையசைத்தார்கள்.

*

அம்மா ஊருக்குக் கிளம்பும் நாள். ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு விமானம். 2002-ல் கொலோன்–ஃப்ராங்க்ஃபர்ட் அதிவேகப் பாதை வந்தபின் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே யாரும் பறப்பதில்லை. விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிற்கிறது, ஒரு மணி நேரம்தான். அதனால் கொலோன் ரயில்வே ஸ்டேஷனுக்கே ஒரு விமான நிலையக் குறியீடு உண்டு: க்யூ.கே.எல். அம்மாவின் பயணச்சீட்டில் முதல் விமானம் என்று ஓர் எண் போட்டிருந்தது, அது ரயில். ரயில் பிந்தினால் அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. ஒரே சீட்டு. செய்ய நினைத்தால் செய்ய முடிகிறது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை இரண்டு தடவை படித்தாள். பிறகு இரும்புக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏரோப்ளேன் எந்த பிளாட்ஃபாரம்டி?"

ஐந்து என்று சொல்லி வாய் மூடவில்லை, அறிவிப்பு வந்தது: எட்டுக்கு மாற்றம், பெட்டி வரிசை தலைகீழ். இரண்டு பெட்டிகளை நான் இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் அம்மா, நிதானமாக, ஊறுகாய் ஜாடியை அணைத்துக்கொண்டு வந்தாள். அதைக் கைப்பையில் வைக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.